சொல்லே சாட்சியாக: வாச்சாத்திப் பெண்களும் நீதியின் நெடுவழியும்

மதுரை மண்ணில் நீதி கேட்டு அவையேறிய பெண்ணாகத் தமிழ் நினைவு கண்ணகியைப் போற்றுகிறது. உடைத்துக் காட்ட அவளிடம் சிலம்பு இருந்தது. கேட்டுத் தன் பிழையை ஒப்புக்கொள்ள ஓர் அரசனும் இருந்தான். வன்புணர்வுக்கு ஆளான பெண் நீதிமன்றம் ஏறுகையில் அவளிடம் இருப்பதோ பெரும்பாலும் அவளது சொல் ஒன்றே. அச்சொல்லை எவ்வாறு எடைபோடுவது?

இக்குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, நிரபராதி அதை மறுப்பதே கடினம் என்று எச்சரித்தார் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி மாத்யூ ஹேல். அவ்வெச்சரிக்கை அமெரிக்க நீதிமன்றங்களிலும் வேரூன்றியது. 1793இல் நியூயார்க்கில் 17 வயதுத் தையற்பெண் ஒருத்தி வசதிமிக்க ஆடவன் ஒருவன்மீது தொடுத்த வழக்கில், ஜூரிகள் கால் மணி நேரத்தில் அவனை விடுவித்தனர். இந்தியாவிலும் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், பெண்ணின் ஒழுக்கத்தைப் பழித்து அவள் சாட்சியத்தைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு இடமளித்தது. அப்பிரிவு 130 ஆண்டுகள் நீடித்தது. மதுரா வழக்கில், உடலில் காயமில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 1978இல் உச்சநீதிமன்றம் இரு காவலர்களை விடுவித்தது. அதையொட்டி எழுந்த போராட்டங்களின் விளைவே 1983ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். காவலில் நிகழும் வன்புணர்வில், தான் இசையவில்லை எனப் பெண் கூறினால் நீதிமன்றம் அவ்வாறே கொள்ள வேண்டும் என்றாயிற்று.

ஆயினும் சட்டநூலில் பதிந்த நீதி, சித்தேரி மலையடிவாரத்தை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனம், காவல், வருவாய்த் துறையினர் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பழங்குடிப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். அன்றைய அரசு குற்றச்சாட்டை மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தொடர்ந்து போராடின. 1995இல் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 17 பேர் வன்புணர்வுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023 மார்ச்சில் நீதிபதி வேல்முருகன் அக்கிராமத்துக்கே நேரில் சென்று பார்வையிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். சீருடைக்கு எதிராக ஏழைப் பெண்களின் சொல் நிலைபெற 31 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்விடத்தில் நம்மையும் நாம் உரசிப் பார்க்க வேண்டும். தொழுகைக்குச் சென்ற வழியில் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பற்றிய ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் உள்ளது. அவள் பதற்றத்தில் வேறொருவரை அடையாளம் காட்டிவிட்டாள். உண்மைக் குற்றவாளி பின்னர் தானே ஒப்புக்கொண்டான். அப்போதும் நபிகள் நாயகம் (ஸல்) அவளைத் தண்டிக்கவில்லை. இறைமன்னிப்பு உண்டெனக் கூறி அனுப்பினார்கள். வன்புணர்வை விபசாரத்தோடு சேர்க்காமல், வழிப்பறிக்கு நிகரான ஹிராபா எனும் வன்குற்றமாகக் கண்டார் மாலிக்கீ அறிஞர் இப்னுல் அரபீ (இறப்பு 1148). இவ்வேறுபாட்டை மறந்ததால்தான் பாகிஸ்தானின் 1979ஆம் ஆண்டு ஹுதூத் சட்டத்தின்கீழ், முறையிட்ட பெண்களே விபசாரக் குற்றவாளிகளாக நிறுத்தப்படும் அவலம் நேர்ந்தது. 2006இல்தான் அது ஓரளவு திருத்தப்பட்டது.

பொய்க்குற்றச்சாட்டிலிருந்து ஒருவரைக் காப்பதும் நீதியே. அதற்குத் தேவை நேர்மையான விசாரணை. முறையிடுபவளின் நடத்தையைத் துருவுவது விசாரணை ஆகாது. நம் ஜமாஅத்துகளின் முன் இத்தகைய முறையீட்டோடு ஒரு பெண் வந்தால், ஊர் மானம் கருதிச் சமரசம் பேசி அனுப்புவதா, அவளுடன் காவல் நிலையம்வரை நடப்பதா? வாச்சாத்திப் பெண்கள் தனியே நடக்கவில்லை; உடன்நடக்க ஆட்கள் இருந்தனர். அதனாலேயே அவர்களின் சொல் நீதிமன்றத்தை எட்டியது.