புரிந்துவிட்டதனால் நிலைத்துவிட்ட பிழைகள்

கனடா தேசத்தில், மாண்ட்ரியல் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் பெருமுயற்சி செய்து, தங்கள் குழந்தைகள் பள்ளியில் கால்வைத்த நாள் முதலே பிரெஞ்சு பாஷையில் பாடம் கேட்கும்படியான ஒரு வகுப்பை 1965ஆம் ஆண்டில் தொடங்கச் செய்தார்கள். மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோதத்துவ அறிஞர் வாலஸ் லாம்பர்ட் அக்குழந்தைகளின் வளர்ச்சியைப் பரீட்சித்து வந்தார். தாய்மொழிக்கோ மற்றப் பாடங்களுக்கோ பங்கம் நேரவில்லை. ஆயினும், இம்முறை நாடெங்கும் பரவியபின் ஆராய்ந்தவர்கள், கேட்டதை விளங்கிக்கொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய நிகராக நின்ற மாணவர்கள்கூட, வாய் திறந்து பேசும்போது சில பிழைகளைப் பல வருஷங்களாகியும் விடாமல் செய்வதைக் கண்டார்கள்.

அப்பிழைகளில் ஒன்று பால் மயக்கம்: பிரெஞ்சில் மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயிரற்றவற்றை அஃறிணையில் அடக்கிவிட்ட நமக்கும் ஹிந்தி படிக்கையில் இச்சங்கடம் உண்டு. அங்கே புத்தகம் பெண்பாலாகிவிடுகிறது. இதனினும் விசேஷமானது மரியாதைச் சொல்லின் கதை. நம் 'நீ', 'நீங்கள்' போலவே பிரெஞ்சில் 'த்யூ', 'வூ' என்று இரண்டு உண்டு. ஆசிரியை ஒரு பிள்ளையை 'த்யூ' என்றும் வகுப்பு முழுவதையும் 'வூ' என்றும் விளிப்பதையே கேட்டு வளர்ந்த மாணவர்கள், 'வூ' என்பதை வெறும் பன்மையாகவே கொண்டு, பெரியவர்களிடமும் 'த்யூ' என்றே பேசினார்கள். காதில் விழாத பிரயோகம் நாவில் எப்படி வரும்?

இவ்வாறு பிழைகள் கல்லாய் உறைந்துபோவதை மொழியியல் அறிஞர் லாரி செலிங்கர் 1972ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விவரித்தார். தாய்மொழியின் அச்சு ஒரு காரணந்தான். ஆனால் அதைக்காட்டிலும் வலியது, பிழையோடு சொன்னாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம். கேட்கும்போது இலக்கணத்தைக் கவனியாமலே பொருளைப் பற்றிக்கொள்ளலாம், பேசும்போதுதான் சொல்லின் உருவத்தில் மனம் செல்லும் என்று மொழி ஆராய்ச்சியாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் வாதித்ததும் இதற்கு அரண் செய்கிறது.

திருத்தினால் போகாதோ எனில், திருத்தும் விதத்தில் இருக்கிறது விஷயம். ஆராய்ச்சியாளர்களான ராய் லைஸ்டரும் லைலா ராண்டாவும் இத்தகைய வகுப்புகளைக் கவனித்து 1997இல் எழுதியது இது: 'லா லீவ்ர்' என்று பிள்ளை புத்தகத்தைப் பெண்பாலாக்கினால், 'ஆம், லு லீவ்ர்' என்று ஆசிரியரே சரியாகச் சொல்லி மேலே செல்வதுதான் திருத்தங்களில் 55 சதவிகிதம், அவற்றிலும் 31 சதவிகிதத்துக்கே மாணவரிடமிருந்து ஏதேனும் எதிர்மொழி பிறந்தது. தான் சொன்னதை ஆசிரியர் ஆமோதித்ததாகவே பிள்ளை எண்ணிக்கொள்கிறது. 'அதை எப்படிச் சொல்லவேண்டும்?' என்று கேட்டு நிறுத்தியபோதோ, ஒவ்வொரு தடவையும் பிள்ளை பதிலுக்கு முயன்றது. பின்னர் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லின் இறுதியைக்கொண்டு பாலை அறியும் வழியை லைஸ்டர் கற்பிக்கச் செய்தார். 2004இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, தாமே திருத்திக்கொள்ளுமாறு தூண்டப்பட்டவர்கள் எழுத்துப் பரீட்சைகளில் மற்றவர்களை விஞ்சினார்கள்.

ஆகவே, எந்தப் பாஷையைக் கற்பிக்கும் ஆசிரியரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: பிள்ளை பிழையாகச் சொன்னதும் சரியான சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது தானே தேடிச் சொல்லும்வரை சற்றுக் காத்திருங்கள்.