பழைய ஜீப்பின் முன்சீட்டை மாற்றப் போகிறீர்களா? மடக்கும் இருக்கையில் இருக்கும் ஆபத்தும் சட்டச் சிக்கலும்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்புக்கு பெட்ரோல் போட வேண்டும் என்றால், டிரைவர் முதலில் கீழே இறங்கியாக வேண்டும். அவர் உட்கார்ந்திருந்த குஷனைத் தூக்கினால்தான் டேங்க் மூடியே கண்ணில் படும். சுமார் 57 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் உட்கார்ந்துதான் அவர் அதுவரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்!

பக்கத்து சீட்டின் கதை வேறு. பின்னால் கதவு கிடையாது, ஸ்பேர் வீல் வேறு தொங்கும். பின் இருக்கைக்குப் போக வேண்டும் என்றால் முன்சீட்டை அப்படியே முன்பக்கமாகச் சாய்க்க வேண்டும். அதற்காக அந்த சீட்டின் முன்கால்களில் மட்டும் கீல் வைத்தார்கள். போர் முடிந்து, சிவிலியன் ஜீப்புகள் வந்த பிறகும் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. பெட்ரோல் மூடி பாடிக்கு வெளியே வந்தது, அவ்வளவுதான்.

1953 முதல் 1968 வரை வில்லிஸ் தயாரித்த சி.ஜே.-3பி மாடலை, அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்தியாவில் மஹிந்திரா தயாரித்தது. தேனி, போடி மலைப்பாதைகளில் இன்றைக்கும் ஓடும் பழைய ஜீப்புகள் பலவும் அந்தப் பரம்பரைதான். இப்போது இவற்றை வாங்கி ரெடி பண்ணும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சீட்டில்.

அப்படி என்ன குறை?

காரணம் இல்லாமல் இல்லை. ஒரிஜினல் சீட் என்பது வளைத்த இரும்புக் குழாய், மேலே ஒரு தகரம், அதன் மேல் மெல்லிய குஷன். முதுகுச் சாய்மானம் தோளுக்குக் கீழேயே முடிந்துவிடும். தலைக்குப் பிடிமானமே கிடையாது. பின்னால் இருந்து ஒரு வண்டி லேசாக இடித்தாலும் கழுத்து பின்னோக்கி வளையும். அதைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. உயரமானவர்களுக்கு முட்டி ஸ்டியரிங்கில் தட்டும். சீட்டைப் பின்னால் நகர்த்தலாம் என்றால் ஸ்லைடரும் இல்லை.

அதனால் பலரும் செய்வது, சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடத்துக்குப் போய், ஏதாவது ஒரு காரின் பழைய சீட்டை வாங்கி வந்து பொருத்துவது. இரண்டு பக்கமும் ஒரே ஒரு கதவுள்ள வண்டிகளின் முன்சீட் என்றால் இன்னும் வசதி. பின்னால் ஆள் ஏறுவதற்காக மடங்கும் அமைப்பு அதிலேயே வந்துவிடும். ஐடியா நல்ல ஐடியாதான். அதை எதில், எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கீல் அல்ல, தாழ்ப்பாள்தான் விஷயம்

மடங்கும் சீட்டுக்கு முன்னால் கீல், பின்னால் பூட்டு. வண்டி ஓடும்போது சீட்டை தரையோடு பிடித்து வைப்பது அந்தப் பூட்டுதான். பழைய ஜீப்புகள் பலவற்றில் பக்கத்து சீட்டுக்கு இந்தப் பூட்டே இருக்காது. உட்காருபவரின் எடையே போதும் என்று விட்டிருப்பார்கள். சடன் பிரேக் போட்டால், அதே எடை முன்னோக்கிப் பாயும். கூடவே சீட்டும் கவிழும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1968-ல் கார்களுக்கு அமலுக்கு வந்த 207-ஆம் எண் பாதுகாப்பு விதி, மடங்கும் சீட்டுக்குத் தானாகவே விழும் பூட்டு கட்டாயம் என்கிறது. அந்தப் பூட்டு, மடங்கும் பகுதியின் எடையைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். சீட் 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், 240 கிலோ. இது வெறும் சீட்டுக்கு மட்டும். பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கும் 60 கிலோ ஆள் வந்து மோதுவது இந்தக் கணக்கில் இல்லை.

பட்டறையில் அவசரத்துக்கு வைத்துத் தரும் கதவுத் தாழ்ப்பாளை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். சின்னக் கம்பி, இரண்டு ஸ்க்ரூ. அதுவும் கையால் தள்ளிப் பூட்ட வேண்டியது. ஒரு நாள் மறந்துவிட்டால் முடிந்தது. சீட்டைப் பின்னால் தள்ளியதும் "டக்" என்று தானே விழும் பூட்டு, அதைத் திறக்கத் தனி லீவர். இதற்குக் குறைந்த எதையும் ஏற்கக் கூடாது. காயலான் கடையில் சீட் வாங்கும்போது கவரையும் குஷனையும் பார்ப்பதைவிட, அந்தப் பூட்டின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ரெக்சினை எந்தக் குஷன் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது தரை. ஜீப்பின் தரை மெல்லிய தகரம்தான், அதுவும் ஐம்பது வருட மழையைப் பார்த்த தகரம். அதில் ஓட்டை போட்டு போல்ட் மட்டும் முடுக்கினால், விபத்தில் போல்ட் உடையாது; தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அடியில் உள்ளங்கை அளவுக்காவது ஒரு தடித்த இரும்புத் தகடு கொடுத்து, விசையைப் பரப்ப வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளராத நைலான் வளைய நட் போட வேண்டும். முடிந்தவரை கம்பெனி போட்ட பழைய ஓட்டைகளையே பயன்படுத்துவது நல்லது. ஏன் என்பது கீழே வருகிறது.

சீட் பெல்ட் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதை மடங்கும் சீட்டின் சட்டத்தில் கட்டக் கூடாது. தரையில் தனித் தகடு வைத்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் சீட்டின் பாரமும் ஆளின் பாரமும் சேர்ந்து அந்த ஒரே பூட்டில்தான் வந்து விழும்.

வெல்டிங் பண்ணுவதற்கு முன்னால்...

முன்சீட்டுக்கு அடியில் டேங்க் இருக்கும் ஜீப்பில், அங்கே வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. "டேங்க் காலிதான்" என்பது பதில் இல்லை. திரவ பெட்ரோலைவிட, காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். டேங்கைக் கழற்றி வண்டியை விட்டு அப்புறப்படுத்திய பிறகுதான் தீப்பொறி பறக்கும் எந்த வேலையும். ட்ரில்லிங்குக்கும் இது பொருந்தும். புது சீட்டின் அடிக்கம்பி டேங்கில் உரசுகிறதா என்பதையும் ஆள் உட்கார்ந்த நிலையில் பார்க்க வேண்டும், காலி சீட்டில் அல்ல.

ஆர்.டி.ஓ. என்ன சொல்லும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால், 182ஏ பிரிவின் கீழ் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இருக்கைகளின் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கும் விவரம். தனித்தனியாக இருந்த முன்சீட்டுகளை எடுத்துவிட்டு மூன்று பேர் உட்காரும் நீள சீட் போட்டால், நேராக மாட்டிக்கொள்வீர்கள். அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் வேறு சீட் என்பது அவ்வளவு பளிச்சென்ற மீறல் இல்லை. ஆனாலும் எஃப்.சி.க்குப் போகும் நாளில் வாக்குவாதம் செய்வதைவிட, வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு இந்தப் பதிவு உதவாது என்பது தனி விஷயம். நிபந்தனை என்னவென்றால், வண்டி ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. விதியில் சீட் என்ற வார்த்தை பெயர் சொல்லி வரவில்லை. ஆனால் சீட்டுக்காகத் தரையை வெட்டியிருந்தால் அது பாடியில் வைத்த கை.

பழைய ஓட்டைகளிலேயே போல்ட் போடச் சொன்னது இதற்காகத்தான். நான்கு போல்ட்டைக் கழற்றினால் புது சீட் வெளியே வந்து, ஒரிஜினல் சீட் உள்ளே போக வேண்டும். எனவே கழற்றிய குழாய்ச் சட்டத்தை எடைக்குப் போட்டுவிடாமல், துரு சுரண்டி பிரைமர் அடித்து, கீல், பின், வாஷர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள்.