சமையலறை சீலிங்கில் எண்ணெய்ப் பிசுக்கு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் நம்மில் பலர் சமையலறையில் நிமிர்ந்து பார்க்கிறோம். அடுப்புக்கு நேர் மேலே சீலிங் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். டில்லிக் குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வடையும் அப்பளமும் பொரித்தால் வேறு எப்படி இருக்கும்? உடனே பெயிண்டரைக் கூப்பிட்டு மேலேயே ஒரு கோட் அடிக்கச் சொல்கிறோம். சில மாதங்களில் அது செதில் செதிலாகச் சாம்பாரில் உதிர்கிறது. பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை, பிசுக்கைத்தான் பிடித்திருந்தது.

எண்ணெய்ப் புகை மேலே படிந்து, காற்றுப் பட்டு, நாளடைவில் கோந்து போல் இறுகுகிறது. வெறும் தண்ணீருக்கு அசையாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் படிந்த பாகங்களைக் காஸ்டிக் சோடா கரைத்த சுடுநீர்த் தொட்டியில் முக்கி எடுப்போம். சோடா கொழுப்பைச் சோப்பாக மாற்றிவிடும். சோப்பு தண்ணீரோடு போய்விடும். வீட்டுக்குக் காஸ்டிக் வேண்டவே வேண்டாம். தோலையும் கண்ணையும் அரித்துவிடும். துணி துவைக்கும் சலவைச் சோடா போதும். சமையல் சோடாவுக்கு அந்த வலு கிடையாது.

முதலில் ஈர விரலால் சீலிங்கைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்பு அல்லது சாதாரண டிஸ்டெம்பர். அதைக் கழுவினால் திட்டுத் திட்டாகிவிடும். பிசுக்கு உள்ள இடத்தைத் தகட்டால் சுரண்டி எடுத்து, ஆயில் பிரைமர் பூசிய பிறகே புதுப் பூச்சு. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஒட்டாவிட்டால் பெயிண்ட். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். சில பெயிண்ட் மங்கும். பிறகு இரண்டடிக்கு இரண்டடியாக, பிழிந்த துணியால் நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்கவும். நல்ல தண்ணீரில் இருமுறை துடைப்பது அவசியம். சோடா தங்கினால் அடுத்த பெயிண்டும் பிடிக்காது.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஏறாதீர்கள். சொட்டுவது நேரே கண்ணில்தான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அலுமினிய ஃபேன் இறக்கையில் இந்தச் சோடா பட்டால் கறுத்துவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீரே சரி. பிளீச்சிங் பவுடருடன் ஆசிட்டைச் சேர்த்துப் பார்க்கும் பெரியவர்கள் உண்டு. அதிலிருந்து கிளம்புவது குளோரின் விஷவாயு.

என் வயதுக்காரர்கள் ஸ்டூலில் ஏற வேண்டாம், பிள்ளைகளை ஏறச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது சமையலறைக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லாவிட்டால் ஃபேன் எதை வெளியே தள்ளும்?