பசி காட்டிய பாதை

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவரிடம் உற்றாரும் ஊராரும் தவறாமல் கேட்கும் வினா, "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்பதாகும். "எதற்காகப் படிக்கப் போகிறாய்?" என்று கேட்போர் மிகச் சிலரே. முதல் வினாவிற்கு மதிப்பெண்ணும் வேலைவாய்ப்பும் விடை சொல்லிவிடக்கூடும். இரண்டாம் வினாவிற்கான விடையை மாணவர் தமக்குள்ளேதான் தேடவேண்டும். அவ்வாறு தேடிக் கண்டவர்களுள் ஒருவர் வேளாண் அறிவியலறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன்.

மருத்துவமனையா, வயலா?

சுவாமிநாதன் 1925 ஆகஸ்டு 7 அன்று கும்பகோணத்தில் பிறந்தார். தந்தை சாம்பசிவன் அவ்வூரில் புகழ்பெற்ற மருத்துவர். சுவாமிநாதனுக்குப் பதினொரு வயதானபோது தந்தை மறைந்தார். மகனும் மருத்துவராகி, தந்தையின் பணியைத் தொடர வேண்டும் என்பது குடும்பத்தினரின் விருப்பம். அவரும் திருவனந்தபுரத்தில் விலங்கியல் பயின்றார்.

அக்காலத்தில்தான் 1943 ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் நேர்ந்தது. இரண்டாம் உலகப்போர், பர்மா அரிசியின் வரவு நின்றமை, புயல் அழிவு, கட்டுக்கடங்காத விலையேற்றம் ஆகியவை ஒன்றுசேர்ந்து மக்களை வாட்டின. ஏறத்தாழ 30 லட்சம் பேர் வரை மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. இச்செய்தி இளைஞர் சுவாமிநாதனின் மனத்தை உலுக்கியது. நோயுற்றவருக்கு மருந்து தரலாம்; பசித்தவருக்கு உணவன்றோ மருந்து! அவர் மருத்துவக் கனவைக் கைவிட்டுக் கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார்.

பின்னர்ப் புதுதில்லியில் மரபியலும் பயிர்ப்பெருக்கமும் கற்றார். நல்ல விதை ஒன்று உருவானால் பெருநிலம் உடையவரும் சிறு உழவரும் ஒருசேரப் பயன்பெறுவர் என்பதே அவர் மரபியலைத் தேர்ந்த காரணம். இதற்கிடையே குடிமைப்பணித் தேர்வெழுதி இந்தியக் காவல் பணிக்கும் தேர்வானார். அதிகாரமும் நிலையான ஊதியமும் ஒருபுறம். நெதர்லாந்து சென்று உருளைக்கிழங்கின் மரபியலை ஆராயும் வாய்ப்பு மறுபுறம். அவர் ஆய்வையே தேர்ந்தார். 1952 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1954 இல் தாயகம் திரும்பினார்.

குட்டைப் பயிரின் வெற்றி

அந்நாளைய இந்தியக் கோதுமை, நெடிய மெல்லிய தண்டுடையது. உரமிட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். எனவே விளைச்சலைப் பெருக்க உரம் மட்டும் போதவில்லை. பயிரின் உயரமும் குறைய வேண்டியிருந்தது. ஜப்பானியக் கோதுமையில் இருந்த குட்டைத்தன்மைக்கான மரபணுக்களைக் கொண்டு, மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உறுதியான குட்டை வகைகளை உருவாக்கியிருந்தார். அவ்விதைகள் 1960களில் இந்தியாவிற்கு வந்தன. அவற்றின் மணி சிவந்திருந்ததால் மக்கள் விரும்பவில்லை. சுவாமிநாதன் குழுவினர் கதிர்வீச்சைப் பயன்படுத்திப் பொன்னிற மணியுடைய 'சர்பதி சொனோரா' வகையை உருவாக்கினர். 1964-65 இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68 இல் 1.6 கோடி டன்னைக் கடந்தது.

இவ்வெற்றியின் நடுவிலும் அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளத்தைக் காக்காமல் நிலத்தை வருத்திப் பயிர் செய்தால் அது பாலையாகும். பூச்சிக்கொல்லிகளை வரம்பின்றிப் பயன்படுத்தினால் நஞ்சு உணவில் சேரும் என 1968 இலேயே கூறினார். தாம் பங்கேற்ற பணியின் குறையையும் தாமே எடுத்துரைப்பது அறிவியல் நேர்மையாகும்.

கடலோரத்து விடை

ஒன்றோடொன்று கலக்கும் இயல்புடைய பயிர்களை இணைத்துப் புதிய வகை காண்பது மரபுவழிப் பயிர்ப்பெருக்கம். கலக்கவே இயலாத ஓர் உயிரினத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து மற்றோர் உயிரினத்தில் சேர்ப்பதற்கு உயிரித் தொழில்நுட்பவியல் வழிவகுத்தது. 1988 இல் சென்னையில் சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் இவ்வழியில் ஒரு வினாவை எழுப்பியது: கடல்நீர் உட்புகும் நிலத்தில் நெல் விளையுமா?

பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் அலையாத்தி மரங்கள் உப்புநீரிலேயே தழைக்கின்றன. உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களை அவற்றிலிருந்து பிரித்தெடுத்து நெல்லில் சேர்க்கும் ஆய்வை அந்நிறுவன அறிவியலாளர்கள் மேற்கொண்டனர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களை உவர்நிலமாக்கியபோது இவ்வினாவின் கனம் யாவர்க்கும் புரிந்தது. எனினும், இத்தகைய பயிர் உழவர் கைக்கு வருமுன் மனிதர்க்கும் சூழலுக்கும் தீங்கற்றது எனப் பல கட்ட ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட வேண்டும். விரைவைவிடப் பொறுமையே இத்துறையில் மிகுதியும் தேவைப்படும் பண்பு.

மாணவர்க்கு உரிய வினா

உயிரித் தொழில்நுட்பவியல் இன்று மருந்து, தடுப்பூசி, உணவு, கழிவு நீக்கம் எனப் பல துறைகளில் பரவியுள்ளது. இதனைப் பயில விழையும் மாணவருக்கு உயிரியலோடு வேதியியலும் கணக்கும் கைகொடுக்கும். ஆயினும் பலமுறை தோற்கும் சோதனையை மீண்டும் தொடங்கச் செய்வது பாட அறிவு மட்டுமன்று. தொடக்கத்தில் மனத்தைத் தைத்த வினாவே. கும்பகோணத்து இளைஞருக்கு அவ்வினாவைத் தொலைதூர வங்கத்தின் பசி தந்தது. இன்றைய மாணவருக்கு அது தம் வீட்டில் ஒருவரை வருத்தும் நோயாகவோ, ஊர்க் கிணற்றில் ஏறிய உவர்ப்பாகவோ இருக்கலாம்.