பிஞ்சு இருதயத்தில் இரண்டு குறைகள்

பிறந்து நான்காம் நாள் பிள்ளை. பால் குடிக்கத் தொடங்கியவுடனேயே களைத்து நித்திரையாகிவிடுகிறது என்று தாயார் எம்மிடம் கொண்டுவந்தார். "தகப்பன்ரை நிறம், அதுதான் கொஞ்சம் கறுப்பு" என்றார் அம்மம்மா. வீட்டுக்கு வந்து பார்த்த தாதிக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம். நாம் வாயைத் திறந்து பார்த்தோம். நாக்கு, நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. உடனே அம்புலன்ஸை அழைத்தோம்.

அப்பிள்ளையின் இருதயத்தில் இரண்டு குறைகள் சேர்ந்திருந்தன. முதலாவது, இருதயத்திலிருந்து புறப்படும் இரு பெரிய நாடிகளும் இடம்மாறியிருந்தன. இதனால் ஒட்சிசன் ஏறிய இரத்தம் திரும்பத் திரும்ப நுரையீரலுக்கே போகும். ஒட்சிசன் குறைந்த இரத்தம் உடம்பையே சுற்றிவரும். இரண்டும் எங்காவது கலக்காவிட்டால் பிள்ளை தப்பாது. இரண்டாவது குறை, மேலறைகளுக்கு இடையில் ஒரு சிறு ஓட்டை. அந்த ஓட்டைதான் நாலு நாள் உயிரைத் தாங்கியது!

ஆனால் அது தனியே தாங்கவில்லை. கருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்விரு நாடிகளையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. பிறந்து சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். மருத்துவமனையில் நன்றாக இருந்த பிள்ளை வீட்டுக்கு வந்தபின் நீலம் பாரிப்பது இதனாலேயே.

அக்குழாயை மூடவிடாமல் வைத்திருக்க புரொஸ்டாகிளான்டின் என்ற மருந்து உண்டு. ஓட்டையைப் பலூனால் பெருப்பிக்கும் முறையை 1966 இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் றாஷ்கின்ட் வெளியிட்டார். 1975 இல் பிரேசிலில் அடிப் ஜட்டேனே, நாடிகளையே வெட்டி இடம்மாற்றித் தைத்தார். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் மெல்லிய நாடிகளையும் கூடவே மாற்றவேண்டும், கடினமான வேலை. இன்று பெரும்பாலும் முதற் சில வாரங்களுக்குள்ளேயே இதைச் செய்துவிடுகிறார்கள்.

எங்கள் தோலில் நீலம் இலகுவில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். கைகால் மட்டும் நீலமாக இருப்பது பச்சைப் பிள்ளைகளில் சாதாரணம். நாக்கு நீலமென்றால், அல்லது பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கினால், எம்மிடம் நேரம் கேட்டுக் காத்திருக்கவேண்டாம். அவசர இலக்கத்தை அழையுங்கள். வீட்டுக்கு வருமுன் கையிலும் காலிலும் ஒட்சிசன் அளந்தார்களா என்றும் கேளுங்கள். அளவு சரியாக இருந்தாலும் நாக்கைப் பார்க்க மறக்கவேண்டாம்.

தான் என்ன சாப்பிட்டதால் இது வந்தது என்பதுதான் அந்தத் தாயாரின் முதற் கேள்வி. சாப்பாட்டால் வந்ததல்ல. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்கு நீரிழிவு இருந்தால் சாத்தியம் கூடும். பிள்ளை இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறான். அம்மம்மா இன்னமும் நாளுக்கொரு தடவை நாக்கை நீட்டச் சொல்கிறாராம்.