மணலைத் தேடி வந்த தம்பதி! புதுச்சேரியில் 7 நாள் கூடார வாசம்

புதுச்சேரி,

கல்யாணம் ஆன புதிதில் உட்கார்ந்து பேசிய கடற்கரை மணலைத் தேடி, 40 வருஷம் கழித்து கூடாரத்தோடு புதுச்சேரிக்கு வந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். ஊர் இருந்தது. கடல் இருந்தது. மணலைத்தான் காணோம்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கணவருக்கு வயது 66. சென்னை பெரம்பூரில் ரெயில் பெட்டி தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 61. "பேரு மட்டும் போட்டுடாதீங்க. சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார்.

1984-ல் தேனிலவுக்கு 2 நாள் வந்தவர்கள், 2024 பிப்ரவரியில் ஒரு வாரம் தங்குவது என்று முடிவு செய்தார்கள். சனி, ஞாயிறு என்றால் லாட்ஜ் வாடகை எகிறி விடுகிறது. "அந்தக் காசுல நாலு நாள் சாப்பிடலாமே" என்றார் கணவர். மகன் வாங்கிப் போட்டிருந்த கூடாரம், ஒரு பாய், 2 போர்வை, ஒரு டார்ச் லைட். மூட்டை கட்டி பஸ் ஏறி விட்டார்கள்.

போலீஸ் தடுத்தது

முதல் நாள் இரவு. காந்தி சிலை அருகே மூட்டையைப் பிரித்தார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர் பார்த்து விட்டார்.

"பெரியவரே, இங்க கூடாரம் எல்லாம் போடக்கூடாது. கிளம்புங்க."

"எங்க போறது தம்பி, இந்த நேரத்துல?"

மனம் இரங்கிய போலீஸ்காரர் ஒரு ஆட்டோவை நிறுத்தி, தெற்கே வீராம்பட்டினத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே ஒரு தென்னந்தோப்புக்காரர் இடம் கொடுத்தார். ராத்திரிக்கு 200 ரூபாய். தண்ணீரும் கக்கூசும் உண்டு.

எங்கும் கருங்கல்

மறுநாள் விடியற்காலை கடற்கரைச் சாலைக்கு வந்தார்கள். செஞ்சியில் இருந்து கொண்டு வந்த கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், 1952 புயலில் போன பழைய பாலத்தின் கம்பங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

ஆனால் சாலைக்குக் கீழே இறங்க வழி இல்லை. கருங்கல் பாறைகள் குவிந்து கிடந்தன. அதில் மோதி அலை சிதறியது.

"இதே இடந்தான். இங்க உக்காந்துதான் சுண்டல் சாப்பிட்டோம்" என்றார் மனைவி. கணவர் பேசவில்லை.

மணல் போனது எப்படி?

இந்தக் கடலோரத்தில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கில் இருந்து வடக்கே ஓடும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில், துறைமுகத்துக்காக அலை தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. நகரத்துக் கரையைக் கடல் தின்றது.

நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த ஊருக்குத் தாவியது. வைத்திக்குப்பம், சோலை நகர், தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே போய்க்கொண்டே இருந்தது. அங்கெல்லாம் மீனவர்கள் படகை ஏற்றி வைக்கும் கரை சுருங்கியது. அலை வீட்டு வாசலுக்கு வந்தது.

ஒரு வாரம் சுற்றினார்கள்

3-வது நாள் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். ஆயி ஒரு தாசி. தன் வீட்டை இடித்துவிட்டு, ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. முத்தரையர்பாளையத்தில் இருந்து நகருக்குக் குடிநீர் வந்ததும், அவள் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது.

4-வது நாள் அரிக்கமேடு. கூடாரத்துக்குப் பக்கம்தான். ரோமாபுரி வியாபாரிகளின் மது ஜாடித் துண்டுகள், 1945-ல் வீலர் என்ற வெள்ளைக்காரர் தோண்டியபோது இங்கே கிடைத்தன.

5-வது நாள் பாரதியார் வீடு. வெள்ளைக்காரன் கைக்குத் தப்பி, 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். மறுநாள் கீழூர். இந்தியாவோடு சேரலாமா என்று 1954 அக்டோபர் 18-ந்தேதி ஓட்டு எடுத்த இடம். 178 பிரதிநிதிகளில் 170 பேர் "சேரலாம்" என்றனர்.

ராத்திரி ஆனால் கூடாரம். ஸ்டவ்வில் உப்புமா, இல்லாவிட்டால் கடைப் பரோட்டா. "கொசுக்கடிதான். ஆனா 40 வருஷத்துல இவரு இவ்வளவு பேசி நான் கேட்டதில்லே" என்று மனைவி சிரித்தார்.

மணல் கிடைத்தது

கடைசி நாள் தலைமைச் செயலகம் எதிரே போனார்கள். அங்கே 2018-ல் கடலுக்குள் பெரிய இரும்புத் திட்டு இறக்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பக்கம் மணல் சேர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள்.

"தோப்புக்கு முன்னால அவ்வளவு மணல் கிடந்தது. அதெல்லாம் இங்க வர வேண்டியதுதானாம். தோப்புக்காரர் சொன்னாரு" என்றார் கணவர்.

அவர் சொன்னது சரிதான். தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே தள்ளும் வேலை, துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. துறைமுகம் வந்து விட்டது. மணல் தள்ளும் வேலை தொடர்ந்து நடக்கவில்லை. அதற்கான விலையை, படகு ஏற்றக் கரை இல்லாத வடக்குக் குப்பங்கள் கொடுக்கின்றன.