வட்டு எங்கே போயிற்று?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பிள்ளைகளின் மடிக்கணினியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றப் போனால், சிலவற்றில் வட்டுகளின் பட்டியல் வெறுமையாக நிற்கும். “வட்டு செத்துவிட்டது, புதிது வாங்கு” என்பார்கள். சம்பளப் பணத்தை எடுக்குமுன் பயாஸ் திரையைத் திறந்து பார்ப்போம். (எஃப்2 போன்ற விசை; கணினிக்குக் கணினி மாறும்.) அங்கே வட்டின் பெயர் இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது.

2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல், பல மடிக்கணினிகளில் வட்டு ‘வி.எம்.டி.’ என்னும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் இயக்கி மென்பொருள் நிறுவியிடம் இல்லாவிட்டால், பூட்டிய வீட்டின்முன் நிற்பது போலத்தான். கணினி தயாரித்தவரின் தளத்திலிருந்து ‘ரேபிட் ஸ்டோரேஜ்’ இயக்கியை எடுத்து, விரித்து, பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ அழுத்தினால் வட்டு தெரியும். வி.எம்.டி.யை அணைப்பதும் வழிதான். ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் கிளம்பாமற் போகலாம். நமக்கு முதல் வழியே பிடித்தம்.

பயாஸிலும் பெயர் இல்லையா? மின்சாரத்தை நிறுத்தி, வட்டின் இணைப்பைக் கழற்றி மாட்டலாம். கேமரன் மலை ஈரத்தில் இணைப்பு முனைகள் கறைபடுவதுண்டு.

வட்டு தெரிந்தவுடன் ‘ஃபார்மேட்’டைத் தொட வேண்டாம். உள்ளே குடும்பப் படங்களும் பிறப்புப் பத்திரப் படிகளும் இருந்தால், நிறுவலை ரத்து செய்து, முதலில் அவற்றை வேறிடத்தில் படியெடுப்போம்.